தொட்டியில் மிஞ்சிய கஞ்சி

தொழுவத்துக்குள் ஒரு பூனைக்குட்டி தள்ளாடி வந்து விழுந்தது. தாய் எங்கே போனதோ, தெரியவில்லை. பசுவுக்கு மனசு கேட்கவில்லை. ஒருக்களித்துப் படுத்து மடியைக் காட்டியது. குட்டி வயிறு முட்டக் குடித்தது. கொஞ்ச நேரத்தில் குடித்ததெல்லாம் தண்ணீராகப் பின்னால் போய்விட்டது. பால் போதவில்லை போலிருக்கிறது என்று பசு மறுபடியும் கொடுத்தது. மறுபடியும் போனது. மூன்றாம் நாள் குட்டியால் தலையைத் தூக்கவே முடியவில்லை.

வாசலில் கிடந்த நாய் எழுந்து வந்து, குட்டியின் பிடரித் தோலைப் பல்லால் மெல்ல இழுத்துவிட்டது. இழுத்த தோல் இழுத்தபடியே நின்றது.

"உடம்புல தண்ணியே இல்லக்கா. முதல்ல பாலை நிறுத்து."

"பாலை நிறுத்துறதா? பச்சப்புள்ளைக்கா?"

நாய் தொட்டிக்குப் போய், பசு குடித்து மிச்சம் வைத்திருந்த உப்புக் கஞ்சித் தண்ணீரில் வாலை நனைத்து, குட்டியின் வாயில் சொட்டுச் சொட்டாக விட்டது. அன்று பூராவும் அதற்கு அதே வேலை.

மறுநாள் குட்டி எழுந்து பசுவின் வால் குஞ்சத்தைப் பிடிக்கத் தாவியது.

பசுவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. என் பால் தங்காத வயிற்றில் என் எச்சில் கஞ்சி எப்படித் தங்கியது? பொழுது சாயும்வரை அசைபோட்டபடியே யோசித்தது. பிறகு முகம் தெளிந்து நாயைக் கூப்பிட்டது.

"தம்பி, இப்பத்தான் புரியுது. அந்தக் கஞ்சியில என் பால் ஒரு சொட்டு விழுந்திருக்கும்."