அப்படி என்ன பேச்சு?

சின்ன காஞ்சிபுரத்தில், பட்டுக் கடைகளுக்கு சாஃப்ட்வேர் எழுதும் நாலு பேர் கம்பெனி அது. ஒரு வாரமாக ஸுபத்ராவின் கணவன் ப்ரஹ்லாத், கூட வேலை பார்க்கும் லக்ஷணா பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். எதிர் மேஜையிலிருந்த ஸுபத்ராவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மதியம் அவனைத் தனியே பிடித்தாள்.

"அப்படி என்ன அவளோட குசுகுசுன்னு பேச்சு?"

"உன் பில்லிங் ப்ரோக்ராமைத்தான் பொறுமையாச் சொல்லித் தரா."

"எழுதினது நான். என்கிட்ட கேக்கப்படாதா?"

"கேட்டா, 'தள்ளுங்கோ, நானே போட்டுடறேன்'னு கீபோர்டைப் பிடுங்கிடறே."

"இப்போ அதைக் கத்துண்டு என்ன ஆகணும்?"

ப்ரஹ்லாத் அவளுடைய நிறைமாத வயிற்றைப் பார்த்தான். "பிரசவ வார்டுலயும் உனக்குக் கடைக்காரா போன் பண்ணணுமா?"

ஸுபத்ராவுக்குக் கண் கலங்கிவிட்டது. நேராக லக்ஷணாவிடம் போனாள்.

"நீ எழுந்திரும்மா. அவருக்கு இனிமே நானே சொல்லித் தரேன்."