முடியாது என்று சொல்லும் பாடம்

சத்தியம் செய்து சொல்கிறேன், இதில் ஒரு எழுத்துகூட நான் கூட்டியது கிடையாது.

"அந்தப் பாதுகாப்பு வால்வு சும்மா சும்மா திறந்து சீறுது. கம்பி வெச்சு இறுக்கிக் கட்டிட்டு அழுத்தத்தை ஏத்துங்க," என்றார் பேராசிரியர் அதிரேக், நாற்பது மாணவர்களைப் பார்த்து.

அழுத்தம் மிஞ்சினால் கலம் வெடிக்காமல் காப்பது அந்த வால்வுதான். தாய்லாந்தின் ரயோங் நகரத்தில் ரசாயனப் பொறியியல் படிக்கிற எந்தப் பிள்ளைக்கும் இது தெரியும். கட்டச் சொன்னவரோ, அந்தக் கல்லூரியில் ஆலைப் பாதுகாப்பும் நேர்மையும் கற்பிக்கிறவர்.

ஆபத்து என்று தெரிந்தால் மேலதிகாரி சொன்னாலும் முடியாது என்று சொல்ல வேண்டும். அவர் பாடம் மொத்தமும் இந்த ஒரு வரிதான். பிள்ளைகள் அதை நாலு வண்ணப் பேனாவில் எழுதிக்கொள்வார்கள். சிவப்பில் அடிக்கோடு போடலாமா என்று கேட்டு, அவர் தலையாட்டிய பிறகே போடுவார்கள்.

ஆனால் வாத்தியாரிடம் மறுத்துப் பேச ஒருவருக்கும் நாக்கு எழாது. போன வருடம் சோதித்துப் பார்க்க, தீப்பற்றும் கரைப்பான் பீப்பாய்க்குப் பக்கத்தில் நின்று சிகரெட்டை வாயில் வைத்தார். காலிப் பீப்பாய்தான், அவருக்கு மட்டும் தெரியும். ஒருத்தன் ஓடிப்போய்ச் சாம்பல் கிண்ணம் கொண்டுவந்தான். ஒருத்தி மின்விசிறியை நிறுத்தினாள், தீக்குச்சி அணைந்துவிடக் கூடாதே என்று.

துறைத்தலைவி ராச்சனி அம்மா இந்த வருடம் கறாராகச் சொல்லிவிட்டார். தொழிற்சாலையிலிருந்து மூன்று பேர் பார்க்க வருகிறார்கள். அவர்கள் முன்னால் ஒரு பிள்ளையாவது மறுத்துப் பேசாவிட்டால் அடுத்த பருவம் இந்தப் பாடமே கிடையாது; அதிரேக் போய்க் கணக்குப் பாடம் எடுக்கலாம்.

இப்போது அந்த மூவரும் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். கலத்துக்கு நீராவி வரும் குழாயை அதிரேக் காலையிலேயே ரகசியமாக அடைத்திருந்தார். வெடிக்கக்கூடியது அவருடைய நெஞ்சு மட்டும்தான்.

யாரும் அசையவில்லை. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். கடைசியில் முன்வரிசையில் நின்ற பிம் என்ற பெண் மேசைமேல் கிடந்த கம்பிச் சுருளை எடுத்தாள். அதிரேக்குக் கண் இருட்டியது.

அவள் வால்வுப் பக்கம் போகவில்லை. கம்பியை இரண்டு கையாலும் அவரிடமே நீட்டி, குனிந்து வணங்கினாள்.

"முடியாது சார்."

அவள் வாய் மூடுமுன் மற்ற முப்பத்தொன்பது பேரும் அதையே சொன்னார்கள், கல்லூரிப் பாட்டுப் பயிற்சியில் பாடுவதுபோல ஒரே தாளத்தில், ஒரே சுருதியில்.

வந்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். இந்த மாதிரிப் பிள்ளைகள்தான் எங்கள் ஆலைக்கு வேண்டும் என்றார் ஒருவர். ராச்சனி அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, பாடம் தொடரும் என்று அங்கேயே அறிவித்தார்.

எல்லோரும் போன பிறகு அதிரேக் பிம்மை உணவுக்கூடத்துக்கு அழைத்துப்போய், ஐஸ் போட்ட தேநீர் வாங்கித் தந்தார். இருபத்திரண்டு வருடத்தில் அவரை எதிர்த்துப் பேசிய முதல் பிள்ளை அல்லவா.

"பயமா இல்லையாம்மா?"

"பயமாத்தான் இருந்துச்சு சார். பேசாம கட்டிடலாம்னுதான் நெனச்சேன்."

"அப்புறம் எது தடுத்துச்சு? நம்ம பாடமா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாமா என்று பிம் ஒரு நிமிடம் யோசித்தாள். ஆனால் நேர்மையும் அதே பாடத்தில்தான் வருகிறது.

"இல்ல சார். பாடம் போயிடுமாமேன்னு நாலாம் வருஷத்து சீனியர் அண்ணன் நேத்து எங்க எல்லாரையும் வரிசையா நிக்க வெச்சாரு. நாளைக்கு சார் எதைச் செய்யச் சொன்னாலும் முடியாதுன்னு சொல்லணும்னுட்டாரு."

அதிரேக் தேநீரைக் கீழே வைத்தார். "அது தப்பில்லையா? அவர்கிட்ட முடியாதுன்னு சொல்லியிருக்கலாமே?"

பிம் திகைத்துப்போனாள்.

"அண்ணன்கிட்ட எப்படி சார் முடியாதுன்னு சொல்றது?"