வக்கீல் ஆபீஸ் கடிகாரம்

கப்பல் கம்பெனி ஆபீஸின் கிளீனிங் காண்ட்ராக்ட் யோகலட்சுமிக்குப் போய்விட்டது என்று கேள்விப்பட்டதும் வின்சென்ட்டுக்கு இருந்த பசியும் போய்விட்டது. தட்டில் ரொட்டி சானாய் அப்படியே கிடந்தது.

இருக்காதா பின்னே? போன வருசம்வரை அவர் கம்பெனியில் வாளி தூக்கினவள். ஜெலுத்தோங் ஃபிளாட்டில் குடியிருந்துகொண்டு, நாலு பெண்களையும் ஓர் ஓட்டை வேனையும் வைத்துக்கொண்டு இவளும் ஒரு முதலாளி! அவரிடம் தரை பாலிஷ் போடவே மூன்று மெஷின் இருக்கிறது. ஆட்களுக்கு நீலச் சட்டை, முதுகில் கம்பெனி பெயர் வேறு.

வயிறு எரிந்தது. அந்த எரிச்சலோடேயே பீச் ஸ்திரீட்டிலிருந்த அந்த ஆபீஸுக்கு வண்டியை விட்டார்.

கப்பல் கம்பெனி மேனேஜர் நாகநாதன் டெலெக்ஸில் வந்த தாளைக் கீழே வைத்தார்.

"உட்காருங்க மிஸ்டர் வின்சென்ட்."

"உட்கார வரல சார். அவகிட்ட ஒரு மெஷினாவது இருக்கா?"

"இல்லை."

"யூனிஃபார்ம்?"

"அதுவும் இல்லை."

"அப்ப என்னத்தப் பார்த்துக் கொடுத்தீங்க? நீங்களும் சிலோன் தமிழர், அவளும் சிலோன். அதானே?"

நாகநாதன் கோபப்படவில்லை. அதைப் பார்க்க வின்சென்ட்டுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. கடைசியாக வைத்திருந்ததையும் எடுத்து விட்டார்.

"அவள நான் ஏன் நிறுத்தினேன் தெரியுமா சார்? வக்கீல் ஆபீஸ் சுவர்க் கடிகாரத்தப் போட்டு உடைச்சிட்டா. வெள்ளைக்காரன் காலத்துச் சாமான்! உங்க ஆபீஸ்ல எங்க பார்த்தாலும் கண்ணாடி அலமாரி. அவ கையில சாவியக் கொடுக்கிறீங்களே, யோசிங்க லா!"

சொல்லி முடித்ததும் மனசு கொஞ்சம் குளிர்ந்தது.

"தெரியும்" என்றார் நாகநாதன்.

"தெரியுமா? யார் சொன்னா?"

"அந்த அம்மாவேதான். பழைய வேலையை ஏன் விட்டீங்கன்னு கேட்டேன். 'கடிகாரம் உடைஞ்சிருச்சு சார், என் கையாலதான். முதலாளி நிறுத்தினதுல தப்பே இல்ல. எனக்குத் தொழில் கத்துக்கொடுத்ததே அவர்தான்'னு சொன்னாங்க."

வின்சென்ட் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். நாகநாதன் தொடர்ந்தார்.

"துடைக்கிற இடத்துல சாமான் உடையத்தான் செய்யும். சாவியை அடுத்தவங்க கையில கொடுத்திட்டுப் போறவனுக்கு, உடைச்சத மறைக்காமச் சொல்ற ஆளுதான் வேணும். சாமான் ஏதாவது உடைஞ்சிருக்கான்னு உங்ககிட்டயும் கேட்டேனே, ஞாபகம் இருக்கா? 'என் கையால இதுவரைக்கும் ஒரு கிளாஸ்கூட உடைஞ்சதில்ல'ன்னீங்க."

வின்சென்ட் எழுந்து, தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் படியிறங்கினார்.

கீழே தெருவோரத்தில் அந்த ஓட்டை வேன் வந்து நின்றது. வாளியோடு இறங்கிய யோகலட்சுமி அவரைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்தாள்.

"வணக்கம் முதலாளி. சாப்பிட்டீங்களா?"

அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அன்றைக்கு வக்கீல் ஆபீஸில் ஏணி மேல் ஏறி, "இப்படித்தான் துடைக்கணும், பாரு" என்று கடிகாரத்தைக் கழற்றி, கை நழுவவிட்டவர் வின்சென்ட். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவள்தான் யோகலட்சுமி.