ஐந்து நிமிடம் முன்னால்

போரில் இறந்த கேப்டன் இளம்பரிதியின் கைக்கடிகாரம் வீடு வந்து சேர்ந்தபோது நின்றுபோயிருந்தது. அதற்குப் பேட்டரி கிடையாது. கட்டிய கை அசைந்தால்தான் ஓடும். எட்டு மாதமாக வாசற்படி தாண்டாத அவன் அம்மா மரகதவல்லி டீச்சர், பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போகிற அன்று காலை அதை எடுத்தாள். கணவர் மணி பார்த்து முள்ளைத் திருப்பினார்.

“அஞ்சு நிமிஷம் கூட்டியே வைங்க. பட்டாளத்துல முன்னாடியே போய் நிக்கணும்னு அவன் அப்படித்தான் வச்சிருப்பான்.”

இத்தனை வருஷமும் ஓடி ஓடியே பஸ் பிடித்தவள். அதற்காக மகனிடம் திட்டும் வாங்கியவள். இன்று அவள் பஸ் ஸ்டாப்புக்குப் போய்ச் சேர்ந்தபோது பஸ் வந்திருக்கவில்லை. கடிகாரம் நின்றுவிடக் கூடாதே என்று, பார்க்கிறவர்கள் பார்க்கட்டும், பரேடு போகிறவளைப் போல இடது கையை வீசிக்கொண்டே நின்றாள்.