உறைமோர்

அவள் தட்டுவதற்கு முன்பே கதவு திறந்துகொண்டது.

லோகு நின்றான். சட்டைக்கு இன்னும் பொத்தான் போடவில்லை. மூச்சு வாங்கியது. கையில் ஒரு கிண்ணம். கிண்ணம் நிறையத் தயிர்.

"வாக்கா. உறமோருதான? எடுத்து ரெடியா வெச்சிருக்கேன்."

சிரித்தான்.

சற்று முன்புதான் அந்த வீட்டுக்குள்ளிருந்து நிரோஷா அலறியது மாடி முழுக்கக் கேட்டது. அவன் பெண்டாட்டி. ஒரே ஒரு அலறல். பிறகு வாயைப் பொத்தினாற்போல நின்றுவிட்டது. அதைக் கேட்டுத்தான் அவள் தன் வீட்டு அடுப்பை அணைத்துவிட்டு டம்ளரை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

அவன் டம்ளரை வாங்கி விளிம்பு வரை ஊற்றினான். ஒரு சொட்டு சிந்தவில்லை.

விளக்கு வைத்த பிறகு யாரும் தயிர் கொடுக்க மாட்டார்கள். கேட்கவும் மாட்டார்கள். வீட்டு லட்சுமி கூடவே போய்விடுவாளாம். இந்தக் குடியிருப்புப் பெண்கள் அதனால்தான் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த நேரத்தில் ஒருத்தி உறைமோர் கேட்டு வாசலில் நின்றால், உள்ளே அடி வாங்குகிறவளுக்குப் புரிந்துவிடும்.

வந்துவிட்டார்கள்.

அடிக்கிறவனுக்குப் புரியாது. அடுப்படிச் சட்டம் எந்த ஆம்பளைக்குத் தெரியும்?

முதலில் உறைமோர். பின்னாலேயே ஒருத்தி கறிவேப்பிலைக்கு. அவள் நகர்வதற்குள் இன்னொருத்தி தீப்பெட்டிக்கு. ஓங்கிய கை எத்தனை தடவைதான் தாழ்ப்பாளைத் திறக்கும்? சனியன் பிடித்த குடியிருப்பு என்று திட்டிக்கொண்டே கடைப்பக்கம் போய்விடுவான். போலீசைக் கூப்பிட்டால் அன்றைக்குத் தப்பிப்பாள். மறுநாள் அதற்கும் சேர்த்து வாங்குவாள். இதில் அந்த வம்பு இல்லை.

வேலை செய்தது. சத்தியமாக வேலை செய்தது.

போன மாதம் சமுதாயக் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். வெளியிலிருந்து ஓர் அமைப்பு. வன்முறையில்லாத குடியிருப்பு என்று பேனர். ஆண்களும் சேர்ந்தால்தான் மாற்றம் வரும் என்று அவர்களையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். நல்ல எண்ணம்தான். யாரைக் குறை சொல்வது? மைக்கை அவளிடம் கொடுத்து, எப்படித் தடுக்கிறீர்கள், சொல்லுங்கள் என்றார்கள்.

சொன்னாள். ஒன்று விடாமல் சொன்னாள்.

பொன்னாடை போர்த்தினார்கள். பின்வரிசையில் டீ குடித்துக்கொண்டிருந்த லோகு எழுந்து நின்று கை தட்டினான்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலுக்காவது போவது அதன் உயிர்.

"எஸ்தரக்கா, கறிவேப்பில உனக்குத்தான?"

எஸ்தர் பின்னால் வந்து நின்றிருந்தாள். அவள் கேட்பதற்குள் அவன் ஒரு கொத்தை அவள் கையில் திணித்தான். படியேறி வந்துகொண்டிருந்த பர்வீனைப் பார்த்துத் தீப்பெட்டியை நீட்டினான்.

"வேற யாருக்குனா எதுனா வோணுமா? இப்பவே மொத்தமா வாங்கினு போயிடுங்க. சும்மா சும்மா கதவத் தொறக்க முடியாது."

டம்ளரோடு நின்றவள் அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். கட்டில் தெரிந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில், தரையில், ஒரு கால் தெரிந்தது.

கால் மெல்ல மடங்கி உள்ளே போனது.

கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது. டிவி பாட ஆரம்பித்தது.

மூன்று பேரும் கை நிறையச் சாமானோடு நின்றார்கள். இதுவரை திறந்திருந்த பக்கத்துக் கதவுகள் ஒவ்வொன்றாக மூடின. பாட்டுக்கு நடுவே ஏதோ விழுந்து உருண்டது. பாத்திரமாக இருக்கட்டும் என்று அவள் வேண்டிக்கொண்டாள்.

எஸ்தர் அழுதாள்.

"இன்னும் இன்னாக்கா கேக்கறது?"

ஒரு வீட்டில் கேட்பதற்கு என்னதான் இருக்கிறது? உப்பு. புளி. ஒரு ஆழாக்கு அரிசி. எதைக் கேட்டாலும் கொடுப்பான். கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்துவான். தன் நாக்கை அறுத்துப் போடலாம் போல இருந்தது அவளுக்கு.

டம்ளரைக் கீழே வைத்தாள். உள்ளங்கையால் கதவை அறைந்தாள். கை எரியும் வரை அறைந்தாள்.

டிவி நின்றது.

"இன்னாக்கா? இன்னும் இன்னா வோணும்?" கதவுக்கு அந்தப் பக்கமிருந்து, பொறுமையாகக் கேட்டான்.

"நிரோஷாவக் குடு."

நிரோஷாவின் மூச்சாவது கேட்காதா என்று அவள் கதவில் காதை வைத்தாள்.

டிவி மறுபடி பாட ஆரம்பித்தது. அவன் சத்தத்தை ஏற்றினான். ஏற்றிக்கொண்டே போனான்.