பதினோராம் நாள் மீன்

மூடியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். வரவில்லை.

காலால் ஒன்று விட்டார். துரு உதிர்ந்து செருப்பில் கொட்டியது. மூடி திறந்தது.

உள்ளே குளவிக்கூடு.

வீட்டை விற்றுவிட்டுப் போன வெள்ளைக்காரன் இந்த பாபிகியூ அடுப்பையும் பின்வளவில் விட்டுவிட்டுப் போயிருக்கிறான். சிலிண்டர் கிடையாது. வீட்டுச் சுவரிலிருந்து வருகிற காஸ் குழாயில் நேரே பூட்டியது. மூன்று வருடமாக ஒருவரும் தொடவில்லை. எதைச் சுடுவது? இது சைவ வீடு. மீன், மச்சம் வாசல்படி தாண்டாது.

அந்த வீட்டுக்குத்தான் தன் ஒரே மகளைக் கொடுத்தார்.

மகள் பிள்ளை பெற்றுப் பதினொரு நாள். பால் இல்லை.

பிள்ளை கத்துகிறது. நிலவறையில் படுக்கிற அவருக்கே கேட்கிறது. மகளுக்கு என்ன கொடுக்கிறார்கள்? முருங்கையிலைச் சொதி. உள்ளி போட்ட சோறு. பிறகு மாப்பாலைக் கரைத்துப் போத்தலில் ஊற்றிவிட்டு, கனடாவில் எல்லாப் பிள்ளையும் இப்படித்தான் வளருது என்கிறார் சம்பந்தியம்மா.

அவருடைய கடற்கரை ஊரில் பிள்ளை பெற்றவளுக்கு மீன் கொடுப்பார்கள். விளைமீன். பால்சுறா. பால் தானாக இறங்கும். மூன்றாம் வகுப்போடு நின்ற அவருக்கே அது தெரியும். மனைவி இருந்திருந்தால் அவள் வந்து பார்த்திருப்பாள். அவள் இல்லை. அதனால் ஆறு மாத விசாவில் இவர் வந்து நிற்கிறார்.

கேட்டுப் பார்த்தார். நேரேதான் கேட்டார். முப்பத்தொரு நாள் துடக்கு என்று சாமியறையைப் பூட்டி வைத்திருக்கிறீர்கள். விளக்கு இல்லை, பூ இல்லை. ஏற்கெனவே தீட்டான வீடு. இனி மீன் வந்து எதைத் தீட்டாக்கப் போகிறது?

சம்பந்தியம்மா தன் மகனைப் பார்த்தார்.

மருமகன் போனைப் பார்த்தான்.

சரி. வீட்டுக்குள் கூடாதென்றால் வெளியே சுடலாம்.

கம்பித்தட்டைக் கழற்றி வயர் பிரஷால் தேய்த்தார். விரலில் தோல் போனது. நிறுத்தவில்லை. பேர்னர் குழாய்கள் நாலு. இரண்டு உக்கிப்போய், தொட்ட இடத்தில் முறிந்தன. அவற்றுக்குக் காஸ் வரும் வாயை மூடி போட்டு முறுக்கிவிட்டார். மற்ற இரண்டுக்குள்ளும் சிலந்தி அடைத்து வைத்திருந்தது. ஒவ்வொரு துளையாக ஊசியால் குத்தினார். முப்பது வருடம் போட் எஞ்சின் கழற்றிப் பூட்டின கை. அடைப்பை எடுத்தால் எண்ணெயும் போகும், காஸும் போகும்.

மருமகன் யன்னலால் தலையை நீட்டினான். தொடாதேங்கோ மாமா, வெடிக்கும், கம்பனி ஆளைக் கூப்பிடுவம் என்றான். எப்ப வருவான் என்று கேட்டார். அடுத்த கிழமை என்றான்.

அடுத்த கிழமை. அதுவரைக்கும் பிள்ளை கத்தட்டும்.

"வெடிச்சா நான்தானே போவன், தம்பி. நீர் உள்ளுக்கு நில்லும்."

கம்பனியை அவர் நம்பவில்லை. மருமகனையும் நம்பவில்லை. சவர்க்காரத் தண்ணீரை நம்பினார். குழாய் பூட்டின இடமெல்லாம் பூசினார். ஓரிடத்தில் குமிழி ஊதியது. இறுக்கினார். மறுபடி பூசினார். குமிழி இல்லை.

மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு நெருப்புக்குச்சியைக் கிழித்தார். காற்று அணைத்தது. அடுத்ததையும் அணைத்தது. கெட்ட வார்த்தை ஒன்று சொன்னார்.

மூன்றாவது, நீலமாகப் பிடித்தது.

மீன் தமிழ்க்கடையில் வாங்கியது. ஐஸில் விறைத்த விளைமீன். அதன் கண்ணைக் காட்டிக் கடைக்காரனோடும் ஒரு சண்டை பிடித்திருந்தார். மிளகு, சீரகம், மஞ்சள், உப்பு. மிளகாய்த்தூள் இல்லை. பத்தியம்.

தோல் வெடித்தது. கொழுப்பு சொட்டி நெருப்பு எழும்பியது. புகை வீட்டுப் பக்கம் போனது.

சமையலறை யன்னல் படாரென்று சாத்தப்பட்டது.

சாத்தட்டும்.

பின்கதவு திறந்தது. மகள். கதவோரம் கொழுவியிருந்த, வேலைக்குப் போகிற கோட்டை மாட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

கலியாணமான மூன்று வருடமும் போனில் ஒரே பேச்சுத்தான். நான் மச்சம் விட்டிட்டன் அப்பா, இப்ப மனமே வராது. அவருக்குப் பெரிய கோபம் அதில்தான். கடலைத் தின்று வளர்ந்தவள். அதற்குள் மாறிவிட்டாள்.

இப்போது நின்றபடியே தின்றாள். சூடு ஆறவில்லை. முள்ளை நாக்கால் ஒதுக்கினாள். தலையையும் விடவில்லை.

அவர் அடுத்த மீனை வைத்தார்.

தின்று முடித்துக் கையை ஈரப்புல்லில் துடைத்தாள். கோட்டுப் பைக்குள் விட்டாள். ஒரு சின்னப் போத்தல் வந்தது. வாய் கொப்புளிக்கிற பச்சைத் தண்ணீர்.

பாதிக்கு மேல் காலி.

அவர் போத்தலைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார்.

"வேலையிடத்தில மட்டும்தான் அப்பா," என்றாள். "மத்தியானத்தில."

மூன்று வருடம். களவெடுத்துத் தின்கிறவளைப் போல.

நெருப்பு இரைந்தது. உள்ளே பிள்ளை கத்தத் தொடங்கியது.

அவள் அவசரமாகப் போத்தல் மூடியைத் திருகினாள்.

"கொப்புளியாதை," என்றார். "அந்த வாயோடயே போய்ப் பிள்ளையைத் தூக்கு."

அவள் அசையவில்லை. சாத்தின யன்னலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவர் முதுகைத் திருப்பிக்கொண்டார். வேகாத மீனைப் புரட்டினார். அது தட்டில் ஒட்டிக் கிழிந்தது. மறுபடி புரட்டினார்.

பின்கதவு திறந்தது. மூடியது.

துப்பின சத்தம் கேட்கவில்லை.