மஞ்சள் பொத்தான்

எப்சிபாவின் கணினியில் அவளைத் தவிர யாராலும் ஒரு வரி தட்ட முடியாது. மென்பொருள் எழுதுகிறவள்; கறுப்புத் திரை, இடம் மாற்றிய விசைகள் என எல்லாவற்றையும் தன் விரலுக்கு வாகாக மாற்றி வைத்திருந்தாள். கணவர் வேதமுத்துவின் கணினியையும் விட்டுவைக்க அவளுக்கு மனமில்லை.

“எது எங்க இருக்கணும்னு சொல்லுங்க, உங்க இஷ்டத்துக்கே மாத்தித் தர்றேன்.”

“இஷ்டமெல்லாம் எதுக்கு? தண்ணி நோட்டீஸ் பிரிண்ட் ஆனா போதும்.” குடியிருப்புச் சங்கச் செயலாளரான அவருக்கு லிஃப்ட் அருகே ஒட்ட, தண்ணீர் வரும் நேரம் போட்ட ஒரு தாள் தினமும் வேண்டும், அவ்வளவுதான்.

அவள் தலையில் அடித்துக்கொண்டு, திரை நடுவே ஒரே ஒரு மஞ்சள் பொத்தானை வைத்தாள்: ‘தெரியவில்லை, வா’. அழுத்தினால் உள்ளறையில் அவளுக்கு மணி அடிக்கும். ஏழு மாதமாகத் தினமும் அடித்தது. அவளும் முணுமுணுத்துக்கொண்டே எழுந்து வந்து அச்சடித்துக் கொடுத்தாள்.

ஒரு நாள் மணி அடித்தபோது மீட்டிங்கில் மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் கழித்துத்தான் வந்தாள். நோட்டீஸ் அவர் கையில் இருந்தது, தலைப்பு தடித்த எழுத்தில், சுற்றிலும் கட்டம் கட்டி.

“யாரு அடிச்சுக் குடுத்தா?”

வேதமுத்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நான்தான்.”

“எப்பலேர்ந்து தெரியும்?”

“ரெண்டாவது வாரத்துலேர்ந்து.”

அவள் அவர் கணினியில் படபடவென்று எதையோ தட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பொத்தான் போயிருக்கும் என்றுதான் மறுநாள் திரையைத் திறந்தார். அது அங்கேயே இருந்தது. பக்கத்தில் புதிதாக இன்னொன்று, பச்சையில்: ‘தெரியும், சும்மா வா’.

வேட்டியில் விரலைத் துடைத்துக்கொண்டு பச்சையை அழுத்தினார். உள்ளே நாற்காலி நகர்ந்தது.